வேட்டை பூட்ஸ் காலைக் கடிக்காமல் இருக்க: அளவெடுப்பது முதல் மலையேறும் நாள் வரை

"புதுச் செருப்பு என்றால் கடிக்கத்தான் செய்யும், நாலு நாள் போட்டால் தானாகப் பழகிவிடும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தோல் செருப்பு கடித்தால் வார் உரசும் இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவோம், இரண்டு நாள் வேறு செருப்பு போட்டுக்கொள்வோம், அதோடு முடிந்தது. இதே நம்பிக்கையோடு வேட்டை பூட்ஸ் வாங்கினால் கதை வேறு. பாதையே இல்லாத சரிவில், முதுகில் பையும் தோளில் துப்பாக்கியுமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கும்போது, கடிக்கிற பூட்ஸைக் கழற்றிவிட்டு மாற்றிப்போட அங்கே வேறொன்றும் இருக்காது.

நான் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில். முதன்முதலாக எல்க் மான் வேட்டைக்குப் போனது ஒரு அக்டோபர் மாதம், சுமார் 10,000 அடி உயரத்தில் முகாம். பூட்ஸை இணையத்தில் வாங்கியிருந்தேன். ஆபீஸ் ஷூ என்ன எண்ணோ அதே எண். வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தபோது மெத்தென்று இருந்தது. மலையில் முதல் நாள் மதியமே வலது குதிகாலில் லேசாகச் சுட்டது. கூட வந்தவர்களை நிறுத்த மனம் வரவில்லை, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்துவிட்டேன். கூடாரத்தில் சாக்ஸைக் கழற்றும்போது அது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குச் சிவந்த சதை. அடுத்த மூன்று நாளும் மற்றவர்கள் இருட்டோடு எழுந்து எதிர் மலைக்குப் போனார்கள், நான் முகாமிலேயே இருந்தேன். காத்திருந்து வாங்கிய டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) அப்படியே போயிற்று. அதற்குப் பிறகு கடை கடையாக ஏறி, ஐந்து ஜோடி மாற்றிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. அங்கிருந்து படிப்பவர்கள் இதை மலையேற்ற பூட்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம், கால் ஒன்றுதான்.

கொப்புளம் எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாமே சுலபம். ஆள்காட்டி விரல் நுனியை மறு கையின் புறங்கையில் அழுத்தி வைத்து, விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். விரல் தோல்மேல் உரசவே இல்லை, ஆனாலும் தோல் எலும்பின்மேல் இழுபடுகிறது இல்லையா? குதிகாலில் நடப்பதும் இதுதான். சாக்ஸ் தோலைப் பிடித்துக்கொள்கிறது, பூட்ஸ் சாக்ஸைப் பிடித்துக்கொள்கிறது, உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வோர் அடிக்கும் மேலேயும் கீழேயும் போய்வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோலின் அடுக்குகள் ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டு, ஒரு கட்டத்தில் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரமான தோல் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், அதனால்தான் வியர்த்த காலில் சீக்கிரம் வருகிறது.

ஆக, குறைக்க வேண்டியது மூன்று: பூட்ஸுக்குள் கால் நகர்வது, ஈரம், ஓரிடத்தில் விழும் அழுத்தம். இந்த மூன்றில் முதலாவதை வாங்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். தோல் இளகும், ஆனால் பூட்ஸ் எந்த அச்சில் செய்யப்பட்டதோ அந்த வடிவம் மாறாது. அகலமான குதிகால் உள்ள பூட்ஸ் நூறு கிலோமீட்டர் நடந்தாலும் ஒடுங்கப் போவதில்லை.

எப்போது வாங்குவது, எந்த மாதிரி வாங்குவது

கொலராடோவில் டேக் குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். அந்த வாரமே பூட்ஸ் தேடலையும் தொடங்கிவிடுங்கள். ஜூனுக்குள் கையில் இருந்தால் பழக்க மூன்று மாதம் கிடைக்கும். சீசனுக்கு முந்தின வாரம் வாங்குவது என்றால், மன்னிக்கவும், பழைய ஷூவிலேயே போங்கள்.

மாதிரியைத் தேர்வு செய்வதில் அதிகம் குழம்ப வேண்டாம். நடந்து திரியும் வேட்டையா, உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டையா என்பதுதான் கேள்வி. செப்டம்பரில் வில்வேட்டைக்கு மலையேறுபவருக்குக் குளிர்காப்பு இல்லாத பூட்ஸே போதும். நவம்பர் பனியில் நடப்பவர் 200 அல்லது 400 கிராம் குளிர்காப்பு உள்ளதைப் பார்க்கலாம். மரத்தின் மேல் கட்டிய இருக்கையில் மணிக்கணக்காக அசையாமல் இருந்து வெள்ளைவால் மானுக்குக் காத்திருப்பவருக்கு 800, 1000 கிராம்கூட வேண்டியிருக்கும். இந்தக் கிராம் பூட்ஸின் எடை இல்லை, உள்ளே வைத்த குளிர்காப்புத் துணி ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடை என்பது. குளிருக்குப் பயந்து 800 கிராம் வாங்கிக்கொண்டு மலையேறினால் அரை மணியில் சாக்ஸ் வியர்வையில் நனைந்துவிடும், அப்புறம் கொப்புளத்தைத் தடுக்க முடியாது.

நீர்புகாத உள்சவ்வு பற்றியும் ஒரு வார்த்தை. கோர்டெக்ஸ் போன்ற சவ்வு பனிக்கும் ஓடைக்கும் நல்லது, ஆனால் வியர்வை வெளியேறுவதையும் அது மெதுவாக்கும். சூடான, வறண்ட செப்டம்பருக்கு அது இல்லாத பூட்ஸ் காலை உலர்வாக வைத்திருக்கும். ஈரக்கால் வேட்டைக்காரர்களின் பழைய பிரச்சினை. 1912-ல் மெயின் மாநிலத்தில் லியான் லியான்வுட் பீன் என்பவர் வேட்டையில் கால் நனைந்து நனைந்து சலித்துப்போய், கீழே ரப்பரும் மேலே தோலுமாக ஒரு பூட்ஸ் செய்து விற்றார். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்தன. எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி மறுபடி செய்தார், எல்.எல்.பீன் நிறுவனம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

அளவெடுப்பது: இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறோம்

சாயங்காலம் எடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்தபிறகு கால் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். வேட்டைக்குப் போடப்போகிற அதே தடிமன் சாக்ஸ் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து இல்லை, நின்றபடி, முழு எடையும் அந்தக் காலில் விழும்படி எடுக்க வேண்டும். இரண்டு காலையும் அளந்து, பெரியதை வைத்து வாங்குங்கள். இரண்டும் சமமாக இருப்பவர்கள் குறைவு.

அமெரிக்கக் கடைகளில் பிரானாக் என்று ஓர் உலோகத் தட்டு இருக்கும், 1920-களில் சிரகியூஸ் நகரத்து சார்லஸ் பிரானாக் செய்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் கடைக்காரர் வழக்கமாகக் கட்டைவிரல் நுனியை மட்டும் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுவார். நீங்கள் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று அகலம். மற்றது குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடிமூட்டு வரை உள்ள நீளம். பூட்ஸ் மடங்குவது அந்த மூட்டு இருக்கும் இடத்தில்தான். விரல் குட்டையாகவும் பாதம் நீளமாகவும் உள்ள ஒருவர் விரல் நுனிக் கணக்கில் வாங்கினால், பூட்ஸ் மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் வேறு வேறாக இருக்கும், ஒவ்வோர் அடியிலும் குதிகால் மேலே கிளம்பும். எனக்கு நடந்தது சரியாக இதுதான். விரல் நுனி 9 காட்டியது, மூட்டு 9½ காட்டியது. இரண்டும் வேறுபட்டால் பெரியதை எடுங்கள்.

அகலம் நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. சின்ன வயதில் வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் திரிந்த பாதம் முன்பக்கம் விரிந்தே வளரும், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். ஆண்கள் பூட்ஸில் D என்பது சாதாரண அகலம், EE என்பது அகலமானது. பெண்கள் பூட்ஸில் B சாதாரணம், D அகலம். D பூட்ஸ் சுண்டுவிரலை நெருக்குகிறது என்று அரை எண், ஒரு எண் கூட்டி வாங்குவதுதான் எல்லாரும் செய்வது. ஓர் எண் என்பது நீளத்தில் சுமார் 8.5 மில்லிமீட்டர். அகலத்துக்காக நீளத்தைக் கூட்டினால் குதிகால் ஆட ஆரம்பித்துவிடும். அதே எண்ணில் EE கேளுங்கள். டேனர், கெனட்ரெக், கிறிஸ்பி, லோவா, மைண்டல் என்று ஒவ்வொருவர் அச்சும் வேறு, எனவே ஒரு கம்பெனியின் 9½ இன்னொன்றின் 9½ ஆகாது. ஊரிலிருந்து எண்ணை நினைவு வைத்து வருபவர்கள், இந்தியாவில் பெரும்பாலும் பிரிட்டிஷ் எண் என்பதால் ஆண்களுக்கு அங்கே 8 என்றால் இங்கே கிட்டத்தட்ட 9 என்று தொடங்கலாம், தொடங்க மட்டும்தான்.

கடையில் போட்டுப் பார்க்கும் முறை

முதலில் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை (கழற்றக்கூடிய உள் அட்டை) வெளியே எடுத்துத் தரையில் வைத்து, குதிகாலைப் பின்விளிம்போடு ஒட்டி அதன்மேல் ஏறி நில்லுங்கள். முன்னால் கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் சதை விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த அகலம் உங்களுக்கு இல்லை, போடவே வேண்டாம்.

அப்புறம் லேஸ் கட்டாமல் காலை நுழைத்து, விரல்கள் முன்சுவரைத் தொடும்வரை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் பெரிது.

இப்போது குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வைத்துவிட்டு லேஸைக் கட்டி எழுந்து நடங்கள். குதிகால் கொஞ்சமும் கிளம்பாத புது பூட்ஸ் அபூர்வம், அடிப்பாகம் விறைப்பாக இருக்கும்போது மூன்று நாலு மில்லிமீட்டர் கிளம்பும், பழகினால் குறையும். அதற்கு மேல் என்றால் இறக்கி வையுங்கள். சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கி நின்று, இல்லாவிட்டால் படிக்கட்டு விளிம்பில், முன்னால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். விரல் நுனி முன்சுவரில் இடித்தால் மலை இறங்கும்போது நகம் கறுத்துப்போகும். இறைச்சியோடு இறங்கும் நாளை மனதில் வையுங்கள். எல்க்கின் ஒரு பின்தொடை மட்டுமே 25 கிலோவைத் தாண்டும், அந்தச் சுமையில் பாதம் இன்னும் விரியும். அதனால் கடையிலேயே ஒரு பையில் பத்துப் பதினைந்து கிலோ போட்டுத் தரச் சொல்லி நடந்து பார்ப்பேன், யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

இருபது நிமிடமாவது போட்டிருங்கள். முதல் நிமிடத்தில் மெத்தென்று இருப்பது எதையும் சொல்லாது, மெத்தை அமுங்கிவிடும். பதினைந்தாவது நிமிடத்தில் ஓர் இடம் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும்: கணுக்கால் எலும்பு, சுண்டுவிரல் மூட்டு, குதிகாலின் பின்மேடு. அப்படி ஓரிடம் வந்தால் "பழகிவிடும்" என்று உங்களைச் சமாதானப்படுத்தாதீர்கள். சின்ன முடிச்சு மாதிரி ஓர் எலும்பு மட்டும் படுகிறது என்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தை நீட்டிக்கொள்ளலாம். குதிகால் தளர்வுக்கு அந்த வழியும் கிடையாது.

இணையத்தில்தான் வாங்க முடியும் என்றால் அடுத்தடுத்த இரண்டு அளவுகளை வரவழைத்து, கம்பளம் விரித்த தரையில் மட்டும் போட்டு, மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்து, ஆகாததைத் திருப்புங்கள். வாசல் தாண்டினால் அடியில் கீறல் விழும், அப்புறம் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

சாக்ஸும் இன்சோலும்

பருத்தி சாக்ஸ் வேண்டாம், நனைந்தால் நனைந்தபடியே இருக்கும். மெரினோ கம்பளியும் நைலானும் கலந்த, குதிகாலில் தையல் மேடு இல்லாத, பூட்ஸின் விளிம்பைவிட உயரமான சாக்ஸ் எடுங்கள். அதற்குள்ளே மெல்லிய சாக்ஸ் ஒன்று போட்டால் தோலை இழுக்கும் வேலை இரண்டு துணிகளுக்கு நடுவில் நடந்துவிடும், தோல் தப்பிக்கும். விரல் இடுக்கில் கொப்புளம் வருபவர்களுக்கு ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை உள்ள சாக்ஸ் கைகொடுக்கும். எதுவானாலும் அளவெடுக்கும் நாளிலிருந்தே அதைத்தான் போட வேண்டும், மலையில் போய்ப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பூட்ஸ் இறுகிவிடும்.

விலை உயர்ந்த பூட்ஸிலும் கூடவே வரும் இன்சோல் பெரும்பாலும் மெல்லிய நுரைதான். குதிகாலைக் கிண்ணம் போலப் பிடிக்கும் விறைப்பான இன்சோல் தனியாக வாங்கிப் போட்டால் பாதம் முன்னே வழுக்குவது குறைகிறது. எனக்குப் பாதி வித்தியாசம் இதிலேயே தெரிந்தது. ஆனால் அது உள்ளே உயரத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆகவே பூட்ஸோடு சேர்த்தே சோதிக்க வேண்டும்.

லேஸ் கட்டுவது

காசு செலவில்லாத வைத்தியம் இது, பலர் கண்டுகொள்வதே இல்லை. விரல் பக்கம் தளர்வாக விடுங்கள். புறங்கால் மடிந்து கணுக்கால் தொடங்கும் இடத்தில், குதிகாலைப் பின்னால் அழுத்திக்கொண்டே லேஸை இழுத்து, ஒன்றை ஒன்று ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்று முறுக்கி இறுக்குங்கள். அந்த முறுக்கு வழுக்காது, கீழே உள்ள தளர்வும் மேலே உள்ள இறுக்கமும் கலந்துவிடாமல் பிரித்து வைக்கும். அடுத்த கொக்கியிலும் ஒருமுறை அப்படியே. அதற்கு மேலே கெண்டைக்கால் பக்கம் ஏறும்போது கொஞ்சம் தளர்த்தலாம், இறங்கத் தொடங்கும் முன் நின்று எல்லாவற்றையும் இறுக்கிக்கொள்ள வேண்டும். புறங்காலில் ஓர் இடம் அமுங்கி வலித்தால் அந்த இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல் நேராக மேலேற்றிவிடுங்கள், ஒரு ஜன்னல் திறந்தது போல அழுத்தம் போய்விடும்.

பழக்குவது

முதல் வாரம் வீட்டுக்குள், தினம் ஒரு மணி நேரம், வேட்டை சாக்ஸோடு. இரண்டாம் மூன்றாம் வாரம் சமதளத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர். அப்புறம் ஏற்ற இறக்கம், அப்புறம் பத்து கிலோ சுமை, ஆகஸ்ட் முடிவதற்குள் சுமையோடு ஒரு முழு நாள். இடையில் எங்காவது சுட்டால் ஒரு படி பின்னால் போங்கள். தண்ணீரில் ஊறவைத்துப் போட்டு நடந்தால் உடனே பழகும் என்று சொல்பவர்கள் உண்டு. இன்றைய ஒட்டுகளுக்கும் சவ்வுக்கும் அது நல்லதல்ல. பூட்ஸ் பழகுவதைப் போலவே நம் தோலும் இந்த வாரங்களில் தடிக்கிறது, அந்தப் பாதியை எந்தக் குறுக்குவழியும் தராது.

பாதம் அதிகம் வியர்ப்பவர்கள் வியர்வையைத் தடுக்கும் மருந்து தடவலாமா என்று கேட்பார்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி மாணவர்களை 21 கிலோமீட்டர் நடக்க வைத்த ஆய்வு ஒன்று 1998-ல் வெளியானது. முன்கூட்டியே மருந்து தடவியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், வெறும் போலி மருந்து தடவியவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கொப்புளம். ஆனால் மருந்து தடவியவர்களில் பாதிக்கு மேல் தோல் எரிச்சலும் வந்தது. அதனால் செய்து பார்ப்பதென்றால் கோடையில் வீட்டில் செய்து பாருங்கள், சீசன் வாரத்தில் வேண்டாம்.

மலையில்

நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். உங்களுக்கு வழக்கமாகக் கொப்புளம் வரும் இடம் தெரியும் என்றால் காலையிலேயே, உலர்ந்த தோலில், லூக்கோடேப் போன்ற கெட்டியான டேப்பை மூலைகளை வட்டமாக வெட்டி, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஓரம் சுருண்டால் அதுவே கடிக்கும்.

நடக்கும்போது ஓரிடம் சூடாகத் தெரிந்தால் அந்த நிமிடமே நில்லுங்கள். கூட வருபவர் எத்தனை அவசரத்தில் இருந்தாலும் சரி, மான் எதிரே நின்றாலொழிய உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுங்கள். காலைத் துடைத்து, ஆறவிட்டு, டேப் ஒட்டி, சாக்ஸை மாற்றி, லேஸைத் திரும்பக் கட்ட ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்காததால்தான் மூன்று நாள் போனது. மதியம் உட்காரும்போதும் பூட்ஸ், சாக்ஸ் இரண்டையும் கழற்றிக் காலுக்குக் காற்று கொடுங்கள், நனைந்த சாக்ஸைப் பைக்கு வெளியே தொங்கவிட்டால் காய்ந்துவிடும்.

கொப்புளம் வந்தேவிட்டால், சின்னதாக, வலி இல்லாமல் இருந்தால் உடைக்காமல் நடுவில் ஓட்டை வெட்டிய மோல்ஸ்கின் (பசை தடவிய தடித்த மெத்துத் துணி) துண்டைச் சுற்றி வைத்து மூடுங்கள். பெரிதாக உப்பி நடக்கவே முடியவில்லை என்றால் சோப்பால் கழுவி, ஆல்கஹாலில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட்டு, மருந்திட்டு மூடலாம். சுற்றிலும் சிவந்து பரவினாலோ சீழ் வைத்தாலோ வேட்டையை விட்டு இறங்கிவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஊசியைத் தொடவே கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, அதனால் அவர்கள் மணிக்கொரு தரம் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இரவில் இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, பூட்ஸுக்குள் நாளிதழைக் கசக்கித் திணித்து வையுங்கள், நடுவில் ஒருமுறை மாற்றினால் காலையில் ஓரளவு உலர்ந்திருக்கும். அடுப்புக்கும் தீக்கும் பக்கத்தில் வைத்தால் தோல் சுருங்கி விறைத்து, ஒட்டு விட்டு, மூன்று மாதம் பழக்கியதெல்லாம் ஒரே இரவில் போய்விடும். சீசன் முடிந்ததும் மண்ணைக் கழுவி, நிழலில் உலர்த்தி, தோலுக்கு மெழுகு தடவிக் காற்றாடும் இடத்தில் வையுங்கள்.

சில வருடம் பரணில் கிடந்த ஜோடியை எடுக்கிறீர்கள் என்றால் ஒரு சோதனை மட்டும். பல பூட்ஸின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன் நுரை, போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் உளுத்துப்போகும். குதிகால் பக்கம் அந்த நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்பு விட்டாலோ பொடியாக உதிர்ந்தாலோ அந்த ஜோடியை வண்டியில் ஏற்றாதீர்கள்.